சுற்றுலாத் திட்டமும் சாக்கு மூட்டையும்

சென்ற மாதம் நமது சங்கத்து நண்பர் ஒருவர் என் கடைக்கு வந்திருந்தார். பாத்திரக் கடை நடத்துபவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். "அண்ணாச்சி, ஒம்பது வருஷம் கழிச்சுக் குடும்பத்தோட கிளம்புறேன். நாலு நாள். எப்படித் திட்டம் போட்டிருக்கேன் பாருங்க" என்றார்.

பார்த்தேன். முதல் நாள் காலை 4.30 மணிக்குப் புறப்பாடு. 7.10 முதல் 7.40 வரை சிற்றுண்டி. 8.15-க்கு ஒரு கோயில், 9.00 மணிக்கு அடுத்த கோயில், 9.50-க்கு அணை. இப்படியே நான்கு நாட்களுக்கு எண்ணிப் பார்த்தால் 31 இடங்கள். அருவியில் குளிக்க 40 நிமிடம். கடலில் கால் நனைக்க 15 நிமிடம். சரக்குப் பட்டியல் போல வரிசை எண் போட்டு, பார்த்து முடித்ததும் டிக் அடிக்க ஓரத்தில் கட்டமும் போட்டிருந்தார்.

"இதிலே சும்மா உட்கார எப்போ நேரம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "சும்மா உட்காரவா அண்ணாச்சி கடையைப் பூட்டிட்டுப் போறோம்?"

அந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. நம் எல்லோருடைய கேள்வியும் அதுதான். அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

மாதச் சம்பளக்காரர் விடுப்பு எடுத்தால் அவருக்குச் சம்பளம் வந்துவிடும். நாம் கடையை அடைத்தால் அன்றைய வியாபாரம் போயிற்று. வாடகையும் மின் கட்டணமும் வட்டியும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வேனில் ஏறி உட்கார்ந்ததுமே நமக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. நாலு நாள் வியாபாரம் நஷ்டம். அந்த நஷ்டத்தை எப்படி ஈடுகட்டுவது? அதிக இடம் பார்த்து ஈடுகட்டுவது! ஒரு கோயிலுக்கு இரண்டு கோயில், ஒரு அருவிக்கு மூன்று அருவி. கடையை மூடிய குற்ற உணர்வுதான் அந்த 31 இடங்களையும் தாளில் எழுத வைக்கிறது. மனைவி மக்களைக் கேட்டு எழுதிய பட்டியல் அல்ல அது.

ஆனால் நண்பர்களே, நம் தொழிலிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. அரிசியோ பருப்போ, சாக்கில் பிடிக்கும்போது வாய் விளிம்பு வரை நிரப்புவோமா? நிரப்பினால் கோணி ஊசியைக் குத்த இடம் இருக்காது. இழுத்துத் தைத்தாலும் லாரியில் ஏற்றும்போது பிரிந்து சரக்கு கொட்டும். ஒரு சாண் இடம் விட்டுத்தான் தைக்கிறோம். அந்த ஒரு சாணை யாரும் நஷ்டம் என்று கணக்கில் எழுதுவதில்லை. உள்ளே இருக்கும் சரக்கைக் காப்பாற்றுவதே அந்த இடம்தான். சுற்றுலாவுக்கும் அப்படி ஒரு சாண் வேண்டும் என்பது என் கருத்து.

விளிம்பு வரை நிரப்பிய என் மூட்டை

பிறருக்குச் சொல்வதற்கு முன் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே போல் ஒரு திட்டம் போட்டேன். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், தம்பி குடும்பம் எல்லோருமாக வேனில் தெற்கே போனோம். குற்றாலத்தில் தங்கி, விடியற்காலையில் கிளம்பிப் பாபநாசம் போய், அங்கிருந்து திருநெல்வேலி. பகலில் நடை சாத்துவதற்குள் நெல்லையப்பர் தரிசனம். அதற்குப் பிறகு கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம். நிமிடக் கணக்கில் எழுதித் தாளை டிரைவர் முன்னால் ஒட்டி வைத்திருந்தேன்.

என் அம்மா பிறந்தது கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பெயர் பெற்ற ஊர் என்று நம்மில் எல்லோருக்கும் தெரியும். பாபநாசத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலை அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வழியாகவே போகிறது. வேன் ஊருக்குள் நுழைந்ததும் அம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லேன்ப்பா. ஆத்தங்கரைப் படித்துறையை ஒரு தடவை பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாங்கள் ஏற்கெனவே இருபது நிமிடம் தாமதம். "நடை சாத்திருவாங்கம்மா. இன்னொரு தடவை வரும்போது பாக்கலாம்" என்றேன். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. வேன் நிற்காமல் போயிற்று.

நெல்லையப்பர் கோயிலுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். திட்டத்தில் எழுதியிருந்த அத்தனை இடத்தையும் பார்த்தோம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அம்மா காலமாகிவிட்டார். இன்னொரு தடவை வரவே இல்லை.

அந்தப் பயணத்தில் பார்த்த இடங்களின் பெயர்களை இன்று கேட்டால் பாதி என் நினைவில் இல்லை. நிற்காமல் கடந்த அந்த ஊர் மட்டும் நினைவில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு இடமில்லாத ஒரு திட்டத்தை நானே உட்கார்ந்து எழுதினேன் என்பதும் நினைவில் இருக்கிறது.

திட்டமே வேண்டாம் என்பதும் சரியில்லை

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் திட்டமே வேண்டாம், கிளம்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அதையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஜவுளி வியாபாரி ஒருவர் மே மாதத்தில் அறை பதிவு செய்யாமல் ஊட்டிக்குப் போனார். ராத்திரி பத்து மணி வரை விடுதி விடுதியாக ஏறி இறங்கி, கடைசியில் கைக்குழந்தையோடு வேனிலேயே படுத்துத் தூங்கினார்கள். மறுநாள் காலையில் அவருடைய வீட்டம்மா, "நேரே ஊருக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

இப்போது அந்த வழியும் கிடையாது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்துப் போகும் முறை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்தது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு இத்தனை வாகனங்கள்தான் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. சாவியைத் திருகிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்ற காலம் மலை ஊர்களுக்கு முடிந்துவிட்டது.

ஆக, எதைக் கட்டி வைப்பது, எதை அவிழ்த்து விடுவது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொள்முதலில் நாம் இதைத்தான் செய்கிறோம். வருடம் பூராவும் ஓடும் சரக்குக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கிறோம். சந்தையில் திடீரென்று நல்ல சரக்கு மலிவாக வந்தால் எடுக்கக் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கிறோம். இருக்கும் பணம் முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்ட வியாபாரி அந்தச் சரக்கை வேடிக்கைதான் பார்க்க முடியும்.

கட்டி வைக்க வேண்டியவை

முதலில் நாட்கள். எல்லாக் கடைக்கும் ஒரே சமயத்தில் ஓய்வு வருவதில்லை. மளிகைக்கு மாதக் கடைசி வாரம் மந்தம். ஜவுளிக்கு முகூர்த்தம் இல்லாத மார்கழி, அதுவும் பொங்கல் வியாபாரம் தொடங்குவதற்கு முன். நோட்டுப் புத்தகக் கடைக்குப் பள்ளி திறந்த அவசரம் அடங்கிய பிறகு. சிமெண்ட், பெயிண்ட் கடைக்கு அடைமழைக் காலம். இதோடு ஜி.எஸ்.டி. தேதிகளையும் பார்க்க வேண்டும். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி. ஆகவே 21-ஆம் தேதிக்கு மேல் புறப்பட்டால் அருவிக்கரையில் நிற்கும்போது ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் வராது.

அடுத்தது ரயில் சீட்டு. முன்பதிவுக் காலம் 120 நாட்களாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. இது நமக்குச் சாதகம்தான். நான்கு மாதத்துக்கு முன்பே தேதி குறிக்க எந்த வியாபாரியால் முடியும்? இரண்டு மாதம் என்றால் முடியும். தத்காலை நம்பிக் குடும்பத்தைக் கிளப்பாதீர்கள். அது ஒற்றை ஆளாகக் கொள்முதலுக்குப் போகிறவருக்குச் சரி.

மூன்றாவது தங்கும் இடம். தினம் ஒரு ஊரில் அறை எடுத்துப் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதைவிட, ஒரே ஊரில் மூன்று ராத்திரிக்கு அறை பதிவு செய்துகொண்டு அங்கிருந்து பக்கத்து இடங்களுக்குப் போய் வருவது நல்லது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பகலில் வந்து படுக்க ஓர் இடம் இருக்கும்.

நான்காவதுதான் முக்கியம், கடை. வர வேண்டிய சரக்கை ஒரு வாரம் தள்ளி அனுப்பச் சொல்லி மொத்த வியாபாரிகளுக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். வங்கிக்கு வரக்கூடிய காசோலைகளுக்குக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மீறி வந்துவிட்ட லாரி சரக்கை இறக்கி வைக்கப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும்; அவர் ஊருக்குப் போகும்போது நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் முன்பே கடை வாசலில் அட்டை தொங்க வேண்டும்: "26 முதல் 29 வரை கடை விடுமுறை. 30-ஆம் தேதி காலை வழக்கம்போல் திறக்கப்படும்." திரும்பும் தேதியை எழுதாத அட்டைதான் வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்புகிறது. தேதி போட்டு, அந்தத் தேதியில் திறந்து பாருங்கள். "எங்கே போயிருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள்.

அவிழ்த்து விட வேண்டியவை

போகிற நாள், வருகிற நாள், படுக்கிற இடம், கடைப் பொறுப்பு. இந்த நான்கையும் இறுக்கிக் கட்டிவிட்டால் நடுவில் உள்ள பகல் பொழுதுகளைத் தளர்த்தி விடலாம். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று நிச்சயம், மற்றது அன்றைய பொழுதைப் பொறுத்தது என்று வைத்துக்கொண்டால் போதும். அந்த ஒன்றும் நேரம் தவறினால் கிடைக்காததாக இருக்கட்டும். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். ஆகவே தரிசனத்தைக் காலையில் வைத்துவிட்டால் மீதிப் பொழுது முழுவதும் நம்முடையது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஜூலை மாதம் மனைவி, மகன், மருமகள், பேரப் பிள்ளைகளோடு மறுபடியும் குற்றாலம் போனேன். இந்தத் தடவை ரயில் சீட்டும் மூன்று ராத்திரி அறையும் தவிர வேறு எதையும் எழுதி வைக்கவில்லை.

குற்றாலத்துக்குத் திட்டம் போட்டுக் குளிக்க முடியாது. தென்மேற்குப் பருவமழை மலையில் எப்படிப் பெய்கிறதோ அப்படித்தான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவியில் தண்ணீர் விழும். மழை இல்லையென்றால் நூல் போல விழும். அதிகமானால் பேரருவியில் ஆர்ச்சுக்கு மேலே கொட்டும். உடனே குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். நாங்கள் போய் இறங்கிய அன்று தடை. எங்களோடு ரயிலில் வந்த ஒரு குடும்பத்தார் காவலர்களிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அன்று ஒரே நாள்தான். ராத்திரி மதுரைக்குப் போக வேண்டும். அவர்கள் கோபத்தில் எனக்கு என் பழைய தாள் தெரிந்தது. இந்த அவசரம் உயிரோடு விளையாடுவது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் இறந்து போனான். தடை என்றால் தடைதான். அதை மதிக்க வேண்டுமானால் நாளைக்கும் நமக்கு ஒரு நாள் கையில் இருக்க வேண்டும்.

எங்களுக்கு இருந்தது. அன்று காலை குற்றாலநாதர் கோயிலிலும் சித்திர சபையிலும் நிதானமாக இருந்தோம். "ரயில்ல போலாமா தாத்தா?" என்று பேரன் கேட்டான். பக்கத்தில்தான் செங்கோட்டை. அங்கிருந்து கொல்லம் போகும் ரயில் மலைக்குள் புகுந்து போகிறது. 1904-இல் திறந்த அந்த மீட்டர் கேஜ் பாதையை மாற்றி 2018-இல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். குகைகளையும் பதின்மூன்று கண் பாலத்தையும் தாண்டி ரயில் போகும்போது பேரன் ஜன்னலை விட்டு நகரவில்லை. எந்த ஊரைப் பார்க்கவும் நாங்கள் போகவில்லை. புனலூரில் இறங்கி டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டோம். இன்றைக்கும் பள்ளியில் சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் அவன் எழுதுவது அந்த ரயிலைத்தான்.

மறுநாள் விடிந்தபோது தடை நீங்கியிருந்தது. வேறு எங்கேயும் போக வேண்டிய கட்டாயம் இல்லாததால் ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்தோம். மூட்டு வலிக்காரியான என் மனைவி சாரலில் உட்கார்ந்து மங்குஸ்தான் பழம் உரித்துத் தின்றபடி, "இன்னிக்கு முழுக்க இங்கேயே இருந்துக்கிறேன்" என்றாள். இருந்தோம். முப்பது வருடத்தில் அவளோடு ஒரு பகல் முழுவதும் நான் பேசிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் யாரும் சொல்லாமல் நானே காரைக் கல்லிடைக்குறிச்சிக்கு விடச் சொன்னேன். படித்துறையில் இறங்கித் தாமிரபரணியில் கால் வைத்து உட்கார்ந்தேன். அம்மா பார்க்க ஆசைப்பட்டது எந்தப் படித்துறை என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு வண்டியை நிறுத்தியிருந்தால் காட்டியிருப்பார். வரும்போது இரண்டு கட்டு அப்பளம் வாங்கிக்கொண்டு வந்தோம்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, செல்போன். ஒழித்து வைத்த நேரத்தை முதலில் தின்பது அதுதான். கோயில் வரிசையில் நிற்கும்போது வராத அழைப்பு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது தவறாமல் வரும். காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை கடை ஆட்களோடு பேசுவது என்று சொல்லிவிட்டுப் போங்கள். நடுவில் அவசரம் என்றால் மகனோ மைத்துனரோ ஒருவர் எடுத்துப் பேசட்டும். இல்லாவிட்டால் குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டும் நாம் நடத்துவது கடைதான்.

இரண்டு, பணம். நேரத்தை ஒதுக்கிவிட்டுப் பணத்தை ஒதுக்காவிட்டால் பயன் இல்லை. மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கவரில் போட்டு, "இது எதற்கென்று இப்போது தெரியாது" என்று வைத்துவிடுங்கள். வழியில் பிள்ளை ஒன்று கேட்கும், பெற்றவள் ஒன்று கேட்பாள். கேட்கும்போதெல்லாம் நாம் கணக்குப் பார்த்து முகம் சுளித்தால் அவர்கள் அடுத்த தடவை கேட்க மாட்டார்கள். செலவாகாமல் மிஞ்சினால் ஊருக்கு வந்து கல்லாவில் போட்டுக்கொள்ளலாம்.

நண்பர்களே, மே 5 வணிகர் தினத்தன்று நாம் கடைகளை அடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். நம் உரிமைக்காக ஒரு நாள் கடையை மூடத் துணியும் நாம், நமக்காகக் காத்திருக்கும் வீட்டாருக்காக நான்கு நாள் மூட ஏன் தயங்க வேண்டும்? அப்படி மூடிப் போகும்போது அந்த நான்கு நாட்களையும் ஏன் இன்னொரு கடையாக்க வேண்டும்? காலையில் நாம் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், இரவு நாம் திரும்பும்போதும் தூங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பார்க்கக் கிடைக்காத இடம் நாம்தான்.

பாத்திரக் கடை நண்பரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. என் அம்மா கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூன்றாம் நாளை முழுவதுமாக அடித்தார். "எங்க அப்பாவுக்கும் எழுபத்தெட்டு ஆச்சு அண்ணாச்சி. அவர் எங்கே போகணும்னு கேக்கவே இல்லை" என்றார். அடித்த இடத்தின் மேல் "அப்பாவைக் கேட்க" என்று எழுதித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உங்கள் தாளிலும் ஒரு நாளை அடித்துவிட்டு, வீட்டில் ஒருவரைக் கேளுங்கள்.